பவானி திரும்பி வந்தாளா?

பவானி திரும்பிப் போயிருக்க மாட்டாள். போயிருந்தால் அவளை நான் மன்னிக்கவே மாட்டேன்.

வனஜா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே பேராசிரியர் மனோகரன் உட்கார்ந்திருந்தார். அவளுடைய பைண்டு செய்த தொடர்கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அடியில் இருந்த ஒரு பொடி எழுத்தின் மேல் அவர் விரல் நின்றது.

"இதென்னம்மா?"

"தொடரும்னு போட்டிருக்கு சார்."

"தொடரும்னா?"

எம்.ஃபில். படிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"கதை முடியலேன்னு அர்த்தம். நீங்க ஆய்வேட்டுல அறுபது பக்கம் எழுதியிருக்கீங்க. 'கணவன் வீட்டுப் படியிறங்கிய பவானி திரும்பிப் பார்க்கவில்லை. இதுவே நாவலின் பெண்ணியக் குரல்'னு. அடுத்த வாரமே திரும்பிப் பார்த்திருந்தா? கடைசி அத்தியாயத்தைக் கொண்டுவாங்க. இல்லேன்னா திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆவடிக்குத் திரும்பும் பஸ்ஸில் வனஜாவுக்குக் காது மடல் சுட்டது. பதினொரு தொடர்கதைகளைச் சிவப்புப் பென்சிலோடு படித்திருந்தாள். கதாநாயகிகள் இருநூற்றுப் பதினான்கு முறை காபி கலந்திருந்தார்கள். முப்பத்தெட்டு முறை மன்னித்திருந்தார்கள். "நீ குடிச்சியா?" என்று ஒருத்தியையாவது எவனும் கேட்டிருக்கவில்லை. பவானி ஒருத்திதான் டம்ளரை மேஜையில் டக்கென்று வைத்துவிட்டுப் பையை எடுத்தவள். கல்யாணமான புதிதில் அதைப் படித்த பிறகுதான், மேலே படிக்கப் போகிறேன் என்று சொல்ல வனஜாவுக்கு வாய் வந்தது.

அந்தக் கதை வந்த வாரப் பத்திரிகை நின்றுபோய் எட்டு வருஷம். பூந்தமல்லி பைண்டர் ஷேக் தாவூத், எடைக்கு வாங்கிய பழைய இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டு, சைக்கிளில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து விற்பார். அவரிடம் வாங்கியதுதான் இது. தடியான அட்டை. அந்தக் கனத்துக்காகவே அவள் கணவன் பார்த்தசாரதி அதை எடுத்து மாவுப் பாத்திர மூடிமேல் வைப்பான்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்றான் அவன். "ஃபேக்டரியில எங்க செக்‌ஷன்ல கேட்டுட்டு வரேன்."

மறுநாள் ஓவர்டைம்கூடப் பார்க்காமல் வந்து சேர்ந்தான்.

"பன்னெண்டு பேரைக் கேட்டேன். பன்னெண்டு பேரும் ஒரே பதில். திரும்பி வந்துட்டாளாம்."

"யாராவது கதையைப் படிச்சிருக்காங்களா?"

"படிக்கணுமா? பொம்பளை பையைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு நேரம் சுத்துவா? விளக்கு வெச்சா வந்துதானே ஆகணும்?"

வனஜா அவன் முன்னால் தான் வைத்த டம்ளரைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினைந்து.

பார்த்தசாரதியால் அதோடு நிற்க முடியவில்லை. அடுத்த நாள் அவள் ரேஷன் கடைக்குப் போய்வருவதற்குள் ஷேவிங் பிளேடும் கையுமாக உட்கார்ந்துவிட்டான்.

"வா, வா! 'தொடரும்'கறதைச் சுரண்டிட்டேன். கதை முடிஞ்சு போச்சு. இனிமே உங்க சார் என்ன கேப்பார்?"

பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகக் கணவனின் சிரித்த முகம் தெரிந்தது. தாளைத் திருப்பினாள். தான் ஏன் போகிறோம் என்று பவானி சொல்லும் வாக்கியம் அதே இடத்தில்தான் இருந்தது. 'நான் போகிறேன். ஏனென்றால்' என்பது வரைக்கும் மிச்சம். காரணம் பிளேடு முனையில் தூசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்!"

அந்த வாக்கியத்தையும் அவள் எண்ணி வைத்திருந்தாள். பதினொரு கதைகளில் நாற்பத்தேழு தடவை.

அடுத்த பிளாக் பஞ்சவர்ணத்திடமும் இதே புத்தகம் இருந்தது. பவானியின் காரணத்தையாவது எழுதிக்கொண்டு வரலாம் என்று ஓடினாள்.

"தாராளமா எடுத்துக்கோ வனஜா. பவானின்னா எனக்கு உசுரு. அவ இல்லாங்காட்டி நான் மிஷினு வாங்கிப் போட்டுகினு தையக்கடை வெச்சிருப்பனா?" என்றாள் பஞ்சவர்ணம்.

வனஜா கடைசித் தாளைப் புரட்டினாள். காரணம் இருந்தது. மறுபக்கத்தில் 'தொடரும்' என்பதும் இருந்தது. பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாது இது, தொடரும்? அப்போ இன்னும் முடியலியா?"

இத்தனை வருஷம் கண்ணில் படாத ஒரு சொல். அவள் முகம் சுண்டிவிட்டது. உள்ளேயிருந்து அவள் புருஷன் வீராசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தான்.

"நான் அப்பவே சொல்லல? கோச்சிகினு போனவ திரும்பி வந்திருப்பா! மேடம், அந்த மிச்சத்தை எட்த்தாந்து இவளுக்கு ஒரு தபா படிச்சிக் காட்டுங்க. கடைய மூடிட்டு ஊட்டோட கெடப்பா."

வனஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதையில் வருகிற ஒருத்தி பையோடு எங்கேயோ நடந்துபோய்க்கொண்டிருக்கிறாள். அவளை இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டால்தான் இத்தனை ஆண்களுக்கும் தூக்கம் வரும் போலிருக்கிறது. அதற்கு அவர்கள் அனுப்பியிருக்கும் ஆளோ, தான்.

இருந்தாலும் கையெழுத்து வேண்டும். சனிக்கிழமை இரண்டு புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனாள்.

ஷேக் தாவூத் கொதித்துப்போனார். "முப்பது வருஷத் தொழில்மா! நம்ம கடையில ஒரு தாள் காணாமப் போனதில்ல. நாப்பத்திரண்டு அத்தியாயத்தையும் வரிசையா அடுக்கித்தான் குடுத்தேன். இன்னா அஷ்ரஃபுன்னிசா, குடுத்தனா இல்லியா?"

பாயில் உட்கார்ந்து தாள்களைத் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிராமல், "குடுத்தீங்க" என்றாள்.

"கேட்டுக்கோம்மா. அதுக்கு ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. தைக்கும், அட்டை ஒட்டும், அவ்ளோதான். தப்பு இங்க நடக்கல." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

வனஜா ஸ்டூலில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள்.

செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அஷ்ரஃபுன்னிசா ஊசியைப் பாயில் குத்தி வைத்தாள். வனஜாவின் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். ஓட்டையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். பிறகு பின்னட்டையை உள்ளங்கையால் தடவினாள்.

"கடைசி அத்தியாயந்தானே? இதுக்குள்ளதான் கீது. படிச்சிப் பாத்தேன், எனக்குப் புடிக்கல; குவார்ட்டர்ஸுக்குப் போன அத்தினி புக்குலயும் அட்டைக்குள்ள வெச்சி ஒட்டிட்டேன்."

தாள் வெட்டும் கத்தியை வனஜா பக்கம் நகர்த்தினாள். "வோணும்னா கீறி எட்த்துக்கோ."

வனஜா அந்தத் தடி அட்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கத்தியை மெல்ல அவள் பக்கமே தள்ளினாள்.

"வேணாங்க்கா. அந்த ஓட்டையை மட்டும் அடைச்சுக் குடுங்க."