தேகபுஷ்டி நிபுணர்

ஐயா, அம்மா, உங்களுக்கு ஒரு பெரிய மனிதரை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார். கிள்ளிப் பார்ப்பார், அவ்வளவுதான். சாயங்கால வேளையில் ஈப்போ பாடாங் திடலில் பையன்கள் ரக்பிப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு முட்டி மோதி விழுந்து எழுந்து மறுபடியும் விழும்போது, எல்லைக் கோட்டுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு, தொப்பைக்கு இருபுறமும் பொத்தான் எட்டாத கோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவர்தான். ஆட்டம் பார்க்க வந்தவர் என்றா நினைத்தீர்கள்? இல்லை. அவர் உடம்பு பார்க்க வந்தவர். இந்த இனத்துக்குத் தேகபுஷ்டி நிபுணர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். லகாட்டிலும் உண்டு, சித்தியவானிலும் உண்டு. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி உண்டு.

நிபுணர் தம் ஆயுளில் பந்தைத் தொட்டதில்லை. அது உருண்டு காலடிக்கு வந்தால் பாம்பைக் கண்டவர் போல ஒதுங்குவார். பிறகு இந்த ஞானமெல்லாம் எங்கிருந்து வந்தது? வைத்தியம் படித்தாரா? இல்லை. குஸ்தி போட்டாரா? வீட்டில் சம்சாரத்திடம் வாய்க்குஸ்தி போட்டுத் தோற்றதோடு சரி. தோட்டத்துத் துரைமார் ஆடுவதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். துரைமார் பருமன். துரைமார் ஜெயித்தார்கள். ஆகவே பருமன்தான் ஜெயம். "தோத்தவங்களும் துரைமார்தானே, அவங்களும் அதே பருமன்தானே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளக்காரன் சங்கதி உனக்குத் தெரியாதுலா" என்றார்.

எங்கள் புந்தோங் பகுதியில் இந்த இனத்தின் திலகம், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பெரியநாயகம். அவர் கையில் அகப்பட்டவன் செபாஸ்டியன், ஆப்பக்கார அகதாவின் ஒரே மகன்.

இந்த செபாஸ்டியன் ஓடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அம்மா சுட்ட ஆப்பத்தைச் சூடு ஆறுவதற்குள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளில் சேர்க்க வேண்டும் என்று, சிறுவயதிலிருந்து கூடையோடு ஓடி ஓடியே கால் பழகியவன். கூடையை இறக்கிவிட்டு அவன் கையில் பந்தைக் கொடுத்தார்கள். பிடிக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து ரக்பிக் குழுவில் ஓரத்தில் நின்று ஓடுகிற இடத்தை வாத்தியார் அவனுக்குக் கொடுத்தார். புந்தோங்கிலிருந்து அந்தக் குழுவுக்குப் போன முதல் தமிழ்ப் பையன் அவன். வருகிற தைப்பிங் ஆட்டத்தில் நன்றாக ஓடுகிறவர்களைச் சிங்கப்பூருக்கு ஆட அழைத்துப் போவதாக வாத்தியார் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கத்திலும் சிங்கப்பூர்தான். கடலைப் பார்க்க வேண்டும், கப்பலைப் பார்க்க வேண்டும், அங்கே ஒரு தடவையாவது பந்தோடு ஓட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தவனின் புஜத்தைப் பெரியநாயகம் எட்டிப் பிடித்தார். கிள்ளினார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"அகதா, என்னா இது? கையா, முருங்கைக்காயா? தைப்பிங் பயலுவோ இவனை மென்னு துப்பிருவானுங்க!"

"நல்லாத்தானே ஓடுறான், அண்ணே."

"ஓடி என்னா? மண்டையோட மண்டை கோத்து ரெண்டு பக்கமும் தள்ளுறானுங்களே, பாத்தியா? அதுதான் ஆட்டம். மத்ததெல்லாம் சும்மா ஜாலான் ஜாலான், ஊர் சுத்துற வேலை."

"மாமா, நான் தள்ளுறவன் இல்ல. ஓரத்துல ஓடுறவன்."

"ஓடுறவனுக்குத்தான்டா ஒடம்பு வேணும். காத்தடிச்சா பறந்துருவே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெற்றவள் பயப்பட இது போதாதா? கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர், ஆபீசில் உட்காருகிறவர், நாலு பேர் நடுவில் சொல்கிறார். மகனை அவர் கையில் ஒப்படைக்க அகதா தலையாட்டிவிட்டாள்.

அதன்பிறகு அந்தப் பையன் பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்! விடிந்ததும் பச்சை வாத்து முட்டையைக் கறுப்பு பீரில் அடித்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அதன்மேல் மீன் எண்ணெய், அது வாயில் நிற்கும்போதே ஆட்டுக்கால் சூப்பு. மத்தியானம் உருண்டை உருண்டையாக உளுந்தங்களி, தின்றவுடன் படுக்கை. தாகம் எடுத்தால் தண்ணீர் கூடாது, சதை ஊறிப்போகுமாம். சாயங்காலம் பெரியநாயகம் தாமே செய்த கருவி ஒன்று வரும்: இரண்டு பால் டின்களில் ஈயச் சுரங்கத்து மணலை அடைத்து, விளக்குமாற்றுக் கட்டையின் இரு முனையிலும் கட்டியது. அதைப் பையன் தூக்க வேண்டும். நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மிச்சம் இருக்கும் சூப்பு வீணாகாமல் பார்த்துக்கொள்வார்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. ஓடக் கூடாது. ஓடினால் ஏறிய உடம்பு கரைந்துவிடும். வாத்தியார் ஓடச் சொன்னால்? "முழங்கால் நோவுன்னு சொல்லுலா" என்று சொல்லிக் கொடுத்தவரும் இவரே. ஆப்பக் கூடை? அதை அகதா தூக்கினாள். அடுப்படியில் வெந்துவிட்டு, அதே வேர்வையோடு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வரை நடந்தாள். ஆப்பம் ஆறிவிட்டது என்று வீட்டுக்கு வீடு ஏச்சு வாங்கினாள். மகன் சிங்கப்பூர் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.

வாராவாரம் கோயில் வாசலில் பரிசோதனை நடக்கும். கிள்ளுவார். "கல்லு! கல்லுலா!" என்பார். கூட்டமும் கிள்ளிப் பார்த்துவிட்டு ஆமாம் ஆமாம் என்னும். செபாஸ்டியனும் நம்பிவிட்டான். கண்ணாடியில் பார்த்தால் கன்னம் உப்பியிருக்கிறது, சட்டை பிடிக்கிறது, ஊரே மெச்சுகிறது. இளவட்டத்துக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

தைப்பிங் ஆட்டம் வந்தது. புந்தோங் முழுக்கப் பாடாங்கில் நின்றது. ஆட்டம் முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். பந்து கைமாறிக் கைமாறி ஓரத்துக்கு வந்து செபாஸ்டியன் கையில் விழுந்தது. எதிரே ஒரு குருவிகூட இல்லை. வெறும் புல், அதற்கப்பால் கோடு. "ஓடுடா!" என்று கத்தினோம். ஓடினான். ஐயோ, அதை ஓட்டம் என்று எப்படிச் சொல்வது? பாதித் தூரம் போவதற்குள் வாய் பிளந்தது, மார்பு ஏறி இறங்கியது, கால் மண்ணை விட்டு எழும்ப மறுத்தது. பின்னாலிருந்து ஒரு நோஞ்சான் தைப்பிங் பையன், அவனுக்கு ஒரு நிபுணரும் வாய்க்கவில்லை போலும், விறுவிறுவென்று வந்து இடுப்பைப் பிடித்துச் சாய்த்தான். விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அடுத்த கோடிக்குப் போய், எங்கள் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தார்கள். ஆட்டம் போச்சு.

செபாஸ்டியன் எழுந்திருக்கவில்லை. முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு அழுதான். வாத்தியார் அருகே போய்க் குனிந்து, "முழங்கால் நல்லானதும் பாப்போம்" என்று மெல்லச் சொன்னார். சிங்கப்பூர் கைவிட்டுப் போனது என்று அதற்கு அர்த்தம்.

நம் நிபுணர் என்ன செய்தார் என்றா கேட்கிறீர்கள்? பக்கத்தில் நின்றவர் தோளைத் தட்டினார். "விழுந்ததைப் பாத்தீங்களா? எப்படிக் கனமா விழுந்தான்! தரை அதிர்ந்துச்சுலா!"

அகதா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, எம்மவன் ஓடிக்கிட்டிருந்தான். நல்லா ஓடிக்கிட்டிருந்தான். உங்ககிட்ட யாரு வந்து கேட்டா?"

"நேத்து ரசம் ஊத்தினியா?" என்றார் பெரியநாயகம். "அதான் பாத்தேன். புளி சேந்தா ரத்தம் சுண்டிப்போகும். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அகதா மகனைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறே பெரியநாயகம் வேறொரு பையன் புஜத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வெட்கமா? அது இந்த இனத்துக்குக் கிடையாது.

குழு சிங்கப்பூருக்கு ரயில் ஏறிவிட்டது. செபாஸ்டியன் போகவில்லை. ஆனால் விடிகாலையில் லகாட் சாலையில் மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கிறான், மூச்சு வாங்கி வாங்கி, நின்று நின்று. அடுத்த வருஷமாவது போக வேண்டும் என்று ஓடுகிறான். நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஓர் உபகாரம் செய்ய வேண்டும். ஒதுங்கி வழிவிடுங்கள். ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

முடியுமா உங்களால்? எனக்குச் சந்தேகம்தான். மேலே வாத்து முட்டையும் பீரும் படித்தபோதே உங்கள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். "சே, அதையா கொடுப்பாங்க? தினமும் ஒரு டம்ளர் கொள்ளுக் கஞ்சி கொடுத்திருந்தா..."

போதும், ஐயா. கையைக் கொஞ்சம் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பையன் வருகிறான்.