கண்ணுக்குத் தெரியாத பெண் வேண்டும்

ஒரு காட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இருந்தது. பக்தியான கூட்டம். விடிந்ததும் சாமி கும்பிடும்; கும்பிட்டு முடித்ததும் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசும்.

பெண் பார்க்க அவர்களிடம் ஒரு வழக்கம். பெண்ணை அருகம்புல்லில் உட்காரவைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து தேடுவார்கள். பெண் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் சம்மதம், தட்டு மாற்றிக்கொள்ளலாம். தெரிந்துவிட்டால் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "வீட்ல கலந்து பேசிச் சொல்றோம்" என்று எழுந்துவிடுவார்கள். புல்லில் பளிச்சென்று தெரிகிறவரை மைனா கொத்திக்கொண்டு போய்விடும் என்பதால் எப்போதோ வந்த வழக்கம் இது. மைனாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இப்போது அதற்குக் குடும்ப கௌரவம் என்று பெயர்.

பவுனம்மாளின் மகள் தவமணி மண் நிறம். வந்த வரன் எல்லாம் பஜ்ஜியோடு போயிற்று. பொறுத்துப் பார்த்த பவுனம்மாள், பச்சோந்தி நடத்தும் பியூட்டி பார்லருக்கு மகளைக் கூட்டிப்போனாள்.

"ஒரே தடவைதான். பச்சைப்பசேல்னு ஆயிடுவா, கேரண்டி" என்றது பச்சோந்தி. பேசி முடிப்பதற்குள் அது இரண்டு நிறம் மாறியிருந்தது.

அடுத்து வந்தவள் பச்சையம்மாள், தன் மகன் மரகதவேலோடு. புல்லில் தேடினாள், தேடினாள், பெண்ணைக் காணோம். "அடடா, என்ன லட்சணமான பொண்ணு!" என்று பூரித்துப்போய், தடவித் தடவித்தான் கண்டுபிடித்தாள். அவள் முன்காலெல்லாம் பச்சை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

"என்ன பவுனம்மா, பெயிண்டா?"

"லேசாத்தான் பூசியிருக்குங்க. குணத்துல தங்கம் என் பொண்ணு."

"பொண்ணுக்கு நீங்க பூசிட்டீங்க. நாளைக்கு அவ பெத்துப்போடுறதுக்கெல்லாம் யார் பூசுறது? உள்ள இருக்கிற நிறம்தானே பிள்ளைக்கு வரும்!"

மரகதவேல் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். தவமணி அன்று சாப்பிடவில்லை. பவுனம்மாள் சாமி முன்னால் நின்று, "இந்தப் பச்சைக்காரங்க நல்லா இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டாள். எந்தக் குரலில் வேண்டினாள் என்பது சாமிக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் மழை இல்லை. புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாயிற்று. பச்சைக் கூட்டத்தில் ஒரு பெரிய கல்யாணம். தள்ளிப்போட முடியுமா? முகூர்த்தம் குறித்தாயிற்றே. காய்ந்த வெளியில் பச்சைப்பசேலென்று வரிசையாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மேலேயிருந்து பார்த்தால் அவ்வளவு அழகு. மைனாக்கள் மேலேயிருந்துதான் பார்த்தன. அழைக்காமலே வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தன.

தவமணி இல்லாத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று மரகதவேல் கிணற்றடி ஈரத்தில் மிச்சமிருந்த புல்லில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சமாதானம் செய்யப் போன பச்சையம்மாளும் அப்படித்தான் பிழைத்தாள். மண் நிறத்தவர்களோ மைனா கண்ணில் படவே இல்லை.

மறுநாளே பச்சையம்மாள் பவுனம்மாள் வீட்டு வாசலில் நின்றாள். "எம்மகன் உங்க பொண்ணைத்தான் கேக்குறான்."

பவுனம்மாள் தலைமுடியைக் கோதுகிற மாதிரி மீசையை நிதானமாகத் தடவிக்கொண்டாள். "முறைன்னு ஒண்ணு இருக்கே. மாப்பிள்ளையை இந்தச் சருகுல உக்காரச் சொல்லுங்க."

மரகதவேல் உட்கார்ந்தான். அடுத்த ஊரிலிருந்தே தெரிந்தான்.

"வீட்ல கலந்து பேசிச் சொல்றோம்" என்றாள் பவுனம்மாள், இத்தனை நாள் காத்திருந்து கிடைத்த வார்த்தையை வாய் இனிக்க இனிக்க.

"பேசுறதைச் சீக்கிரம் பேசும்மா" என்றாள் தவமணி. "அவர் அங்கயே உக்காந்திருந்தா மைனா வந்துடும்."

"பச்சை மருமகனா? நம்ம குடும்பத்துக்கா?"

"அப்ப பார்லர்ல எனக்குப் பூசினது என்ன நிறம்?"

பவுனம்மாள் தட்டு எடுத்துவர உள்ளே போனாள். கல்யாணம் ஒரு புதருக்கு அடியில், செல்ஃபி இல்லாமல் நடந்தது.

பிள்ளைகள் பாதி பச்சை, பாதி மண். பச்சையைப் பச்சையம்மாள் மடியில் வைத்துக்கொண்டாள்; மண்ணைப் பவுனம்மாள். தினமும் இருவரும் ஒரே சந்நிதியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கும்பிட்டார்கள். ஒருத்தி "மழை கொடுப்பா" என்பாள். இன்னொருத்தி "இந்த வெயில் நீடிக்கட்டும்ப்பா" என்பாள்.

மழை பெய்த வருஷம் புல் பச்சையாயிற்று, மண் நிறப் பிள்ளைகளை மைனா கொண்டுபோயிற்று. பச்சையம்மாள் தேங்காய் உடைத்தாள். காய்ந்த வருஷம் பச்சைப் பிள்ளைகள் போனார்கள். பவுனம்மாள் பொங்கல் வைத்தாள். தவமணி இரண்டு தடவையும் அழுதாள். அழுது முடித்து மறுபடி முட்டையிட்டாள். இரண்டு நிறத்திலும் பிள்ளைகள் பொரிந்து வந்தார்கள்.

நீதி: வீட்டில் பிள்ளைகள் எல்லா நிறத்திலும் இருப்பதே நல்லது, எந்தச் சம்பந்தியம்மாளின் வேண்டுதல் பலித்தாலும் நாலு பேராவது மிஞ்சுவார்கள்.