முதன்மைக் குரல் தேடு படலம்

ஹெட்ஃபோனாம் செவிக்கவசம் பூண்டோன், குமிழ் திருகுவதில் கை ஓயாதோன், ஒரே நாலு வரிப் பாட்டை ஒரு மழைக்காலம் முழுதும் கேட்டும் சலியாதோன், தன் வீட்டுச் சாமான் அறையை ஒலிப்பதிவுக் கூடமென்று தானே அறிவித்துத் தானே திறந்துவைத்துத் தானே கைதட்டிக்கொண்டோன், அத்தகைய அண்ணன் வாழ்க. அவன் போர்த்திறம் உரைக்கப் புகும் இவ்வேளையில் மின்சாரம் நில்லாது பாய்க. கணினி பாதியில் உறையாதிருக்க. சேமிக்க மறந்த எதுவும் இக்கதையில் இல்லாதொழிக.

முதற்கண் அவன் கோட்டையைச் சொல்ல வேண்டும். ஒருவர் திரும்பினால் மற்றவர் மூச்சை உள்ளிழுக்க வேண்டிய அகலமுடையது அது. எதிரொலி என்னும் பகைவன் எத்திசையிலிருந்து வரினும் அங்கேயே படுத்துறங்கிப் போகும்படி, நாற்புறமும் பழைய மெத்தைகள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. சன்னல் இல்லை. ப்ளக் பாயிண்டும் இல்லை. ஆகவே கூடத்திலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் நாகம்போல் நெளிந்து உள்ளே புக, அதன் உடல் நசுங்காதிருக்கும் பொருட்டு, உலகின் தலைசிறந்த அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு என்றுமே முழுதாகச் சாத்தப்பட்டதில்லை. நடுவே, பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டுக் குடல் தெரிய வீற்றிருந்தது கணினி. அதன் குடலை நோக்கி, கழுத்தொடிந்து கயிற்றால் கட்டுண்ட ஒரு ஸ்டாண்ட் ஃபேன் இமையாது வீசிக்கொண்டிருந்தது. அவ்வறையில் வியர்ப்பவன் அண்ணன். காற்று வாங்குவது கணினி.

கதவுக்கு அப்பால் கூடத்தில் ஆட்சி புரிந்தவள் அம்மா. தையல் அவள் தொழில். பழைய செய்தித்தாளில் கையும் கழுத்தும் அளவெடுத்து வெட்டி, அக்காகிதங்களைத் துணிமேல் பரப்பி, சாக்கட்டியால் கோடிழுத்துக் கத்தரிப்பவள். அவ்விரு அரசுகளுக்குமிடையே எல்லைத் தகராறு நெடுங்காலமாக உண்டு. அதன் காரணத்தை அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை. செவிக்கவசம் அத்துணை உயர்ந்த ரகம்.

இனிப் போருக்கான காரணம். அண்ணனுக்கு ஒரு தங்கை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கண் சோதிக்க வந்தோர் சுவரிலுள்ள எழுத்துகளை மேலிருந்து கீழாக வாசிக்கையில், அவ்வெழுத்துகளுக்கே மெட்டமைத்து உள்ளே முணுமுணுப்பவள். ஊர் ஊராய்ச் செல்லும் ஒரு நாடகக் குழு பாடகி ஒருத்தியைத் தேடிற்று. ஒரு பாட்டைப் பதிவு செய்து இன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். நாளைக் காலை வண்டி கிளம்பிவிடும். தங்கை கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, காலையில் மெத்தைகளுக்கு நடுவே நின்று, கண்களை மூடி, ஒரே மூச்சாகப் பாடி முடித்தாள். நன்றாகவே பாடினாள். அதை மறுப்பாரும் இல்லை, அதற்கு மேல் எதுவும் செய்யத் தேவையிருந்ததும் இல்லை.

"அண்ணா, பாடுறப்ப ஏதோ 'ம்ம்ம்'னு கேட்டுட்டே இருந்துச்சு. நடுவுல வேற யாரோ பேசின மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவ பாடிரவா?"

அப்போது அண்ணன், நாற்காலியைப் பாதி சுழற்றி, ஒரு கையைக் காற்றில் நிறுத்தி, இத்தொழிலில் இறங்கிய மாவீரர் அனைவரும் தத்தம் வீழ்ச்சிக்குச் சற்று முன்னர் முழங்குகின்ற அந்தப் பிரகடனத்தை முழங்கினான்.

"விடு. மிக்ஸ்ல பாத்துக்கலாம்."

மிக்ஸ் என்பது யாதெனில், குரலும் தாளமும் தந்தியும் தனித்தனியே பதிவானபின், ஒன்றன் காலை ஒன்று மிதிக்காமல் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் வித்தை. முன்னாளில் அதைக் காதால் செய்தார்கள். அண்ணனோ காலத்தோடு செல்பவன். தாமே கேட்டு, தாமே சிந்தித்து, தாமே முடிவெடுக்கும் ப்ளக்-இன்கள் என்னும் அறிவார்ந்த துணைமென்பொருள்கள் மூன்றை அவன் கணினியில் குடியமர்த்தியிருந்தான். முதலாவது, இரைச்சல்கொல்லி. தேவையற்ற ஓசையைத் தேடிச்சென்று வதைப்பது. இரண்டாவது, குரலேற்றி. பாட்டில் எவருடைய குரல் முக்கியம் என்று கண்டுணர்ந்து அதை முன்வரிசைக்கு அழைத்துவருவது. மூன்றாவது, நடுவர். முழுப்பாட்டையும் கேட்டுத் தீர்ப்பெழுதுவது. இலவசச் சோதனைப் பதிப்பாதலால் அவ்வப்போது முன்னறிவிப்பின்றி மௌனவிரதம் பூணுவது.

மூவரையும் அண்ணன் போர்க்களத்துக்கு அழைத்தான். "கற்றுக்கொள்" என்னும் பொத்தானை அழுத்தினான். திரையில் மூன்று வட்டங்கள் சுழன்றன. "கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்று மூன்றும் ஒருசேர உரைத்தன. கணினி சுட்டது. அண்ணன் ஃபேனை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றினான்.

முதல் தாக்குதலை இரைச்சல்கொல்லி தொடுத்தது. கரும்புத் தோட்டத்தில் மதயானை புகுந்தாற்போல அது பாட்டினுள் புகுந்து, 'ம்ம்ம்' என்ற ஓசையைக் காலால் மிதித்து, தந்தத்தால் குத்தி, துதிக்கையால் தூக்கி எறிந்தது. போகிற போக்கில் தங்கையின் குரலில் பாதியையும் சேர்த்து எறிந்தது. மிஞ்சிய பாதி, மூடிய டிரம்முக்குள்ளிருந்து யாரோ உதவி கேட்பதுபோல் ஒலித்தது.

அண்ணன் அஞ்சினானில்லை. குரலேற்றியை ஏவினான். அது நெடுநேரம் சிந்தித்தது. பின்னர் திரையில் எழுத்துகள் மின்னின: இரு குரல்கள் கண்டறியப்பட்டன. முதன்மைக் குரல், ஒன்று. பின்னணிக் குரல், ஒன்று. பின்னணிக் குரல் குறைக்கப்பட்டது.

குறைக்கப்பட்டவள் தங்கை.

முதன்மை என்று முடிசூட்டப்பட்டதோ, பாட்டின் மூன்றாம் வரிக்கு அடியில், சேற்றுக்குள் புதைந்த பானைபோல் கிடந்த ஏதோவொரு முனகல். சொல் புரியவில்லை, ஆணா பெண்ணா தெரியவில்லை. மெத்தைக்குள் வாழும் ஏதேனும் உயிரோ என்று அண்ணன் ஒருகணம் மெத்தையைப் பார்த்தான். பிறகு நடுவரிடம் முறையிட்டான். நடுவர் இரண்டு முறை மௌனவிரதம் பூண்டு, மூன்றாம் முறை தீர்ப்பு வழங்கிற்று: இது பாடல் அன்று, பொது அறிவிப்பு. பின்னணி இசையைக் குறைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

நண்பகல் சாய்ந்தது. தங்கை கதவிடுக்கில் தலையை நுழைத்து, அவன் செவிக்கவசத்தின் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டாள்.

"முடிஞ்சுதாண்ணா?"

"தொண்ணூறு சதவீதம்."

"காலைலயும் இதத்தான சொன்ன. குடு, கேப்போம்." கேட்டாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. "இது நானா?"

"நீதான். கொஞ்சம் பின்னாடி இருக்க."

"ஏன் பின்னாடி இருக்கேன்?"

"ப்ளக்-இன் அப்படித்தான் சொல்லுது. நீ பின்பாட்டாம்."

"அப்ப முன்பாட்டு யாரு?"

அண்ணன் மீண்டும் திரையைப் பார்த்தான். தங்கை தன் செல்போனை உயர்த்திக் காட்டினாள். "ஆறு மணி வரைக்கும் நான் காத்துட்டு இருக்க மாட்டேன். பாத்ரூம்ல போய் நின்னு இதுலயே பாடி அனுப்பிடுவேன். அங்க நல்லா கேக்கும்."

நால்வகைப் படையும் ஒருங்கே பாய்ந்திருப்பினும் அவன் நெஞ்சு இத்துணைப் புண்பட்டிராது. செவிக்கவசமும் மெத்தைகளும் மூன்று அறிவாளிகளும் ஒருபுறமிருக்க, பாத்ரூம் வெல்வதா? அண்ணன் சட்டைக் கையை மடித்தான். ஃபேனை மூன்றில் வைத்தான். செவிக்கவசத்தை மீண்டும் பூண்டான். அதன்பின் கூடத்தில் காகிதங்கள் எழுந்து பறந்ததையும், ஒரு கழுத்தளவுக் காகிதம் பறந்துபோய் மிக்ஸிக்குப் பின்னால் விழுந்ததையும், அம்மா கத்தரிக்கோலும் கையுமாகக் கதவைப் பார்த்துக் கத்தியதையும் அவன் அறியான்.

தொடர்ந்த பெரும்போரை எங்ஙனம் உரைப்பது? இரைச்சல்கொல்லி வெட்டியதைக் குரலேற்றி ஏற்றியது. குரலேற்றி ஏற்றியதை நடுவர் இறக்கியது. நடுவர் இறக்கியதை இரைச்சலென்று கருதி இரைச்சல்கொல்லி மீண்டும் வெட்டியது. ஒரே வீட்டுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகள்போல் அவை ஒன்றையொன்று மதியாமல் மோத, நடுவே அண்ணன் ஒரு குமிழைப் பற்றினான். மயிரிழையளவு இடப்புறம் திருப்பினான். குரலில் ஒரு வெளிச்சம் படர்ந்தது. மயிரிழையளவு வலப்புறம் திருப்பினான். அவ்வெளிச்சத்தில் ஒரு நிழலும் சேர்ந்தது. ஆகா, இதுவன்றோ இடம் என்று கண் கசிந்தான். கசிந்த கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் குமிழ் உள்ள ப்ளக்-இன்னை அவன் இன்னும் ஆன் செய்யவே இல்லை. இப்பிழையைச் செய்யாத மிக்ஸ்காரர் இல்லை. செய்ததாக ஒப்புக்கொண்டவரும் இல்லை. அண்ணன் அறையைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

மாலை வெயில் எக்ஸ்டென்ஷன் வயரோடு சேர்ந்து கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது. தங்கையும் வந்து, இம்முறை போகாமல், மெத்தையில் சாய்ந்து நின்றாள். செல்போன் கையில் இருந்தது. அதைக் கண்ட அண்ணன், வேறு வழியற்ற வேந்தன் கோட்டைச் சாவியைத் தளபதிகளிடமே எறிவதுபோல், மூன்று ப்ளக்-இன்களின் அறிவையும் நூற்றுக்கு நூறு என்று வைத்து, கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தங்கையும் கேட்கட்டுமென்று செவிக்கவசத்தைக் கழற்றித் தோளில் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டான்.

அன்று முதன்முறையாக மூன்றும் ஒத்துப்போயின. தாளம் ஒதுங்கி வழிவிட்டது. தந்தி தலைகுனிந்தது. தங்கையின் குரல் மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறிற்று. அந்த வெட்டவெளியில், துடைத்த கண்ணாடிபோல் ஒரு தூசுமின்றி, எழுத்தெழுத்தாக, நாடகக் குழுவினர் கேட்டால் எழுந்து நின்றுவிடும் கம்பீரத்தோடு எழுந்தது முதன்மைக் குரல்.

"டேய், அந்த ஃபேன அணைச்சுத் தொலைடா. என் அளவுப் பேப்பரெல்லாம் பறக்குது."

அதே கணத்தில், அதே சுருதியில், கூடத்திலிருந்தும் அது கேட்டது.

"டேய், எத்தன தடவடா சொல்றது? அந்த ஃபேன அணைடா."

இரண்டு அம்மாக்களுக்கு நடுவே அண்ணன் அசையாது அமர்ந்திருந்தான். திரையில் நடுவர் தன் இறுதித் தீர்ப்பை வெளியிட்டிருந்தது: அறிவிப்பு தெளிவாக உள்ளது.

தங்கை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்த 'ம்ம்ம்' ஃபேன் சத்தமாண்ணா?"

"ம்."

"அப்ப அணைச்சிட்டே பதிவு பண்ணிருக்கலாமே."

"கம்ப்யூட்டர் சூடாகி நின்னுடும்."

"ஏன் சூடாகுது?"

"ப்ளக்-இன் மூணும் ஓடுதுல்ல."

"ப்ளக்-இன் எதுக்கு?"

"சத்தத்த எடுக்க."

"எந்தச் சத்தத்த?"

அண்ணன் ஃபேனைத் திரும்பிப் பார்த்தான். கூடத்திலிருந்து அம்மா கேட்டாள்: "என்னடி சொல்றான்?"

"மிக்ஸ்ல பாத்துட்டு இருக்கான்மா."

வேறொருவனாயின் அக்கணமே களத்தைவிட்டு ஓடியிருப்பான். அண்ணன் ஓடவில்லை, எக்ஸ்டென்ஷன் வயர் காலைச் சுற்றியிருந்தது. அவன் மெல்லக் கணினியின் எலியைப் பற்றினான். முதலில் நடுவரை வணங்கி நீக்கினான். அது நீங்கும்போதும் மௌனமாகவே நீங்கியது. பின் குரலேற்றியை நீக்கினான். கடைசியாக இரைச்சல்கொல்லியை நீக்க விரலை வைத்தபோது, "நிச்சயமாக நீக்க வேண்டுமா?" என்று அது திரையில் கேட்டது. தங்கை எட்டி, அவன் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். கணினியின் குடலுக்குள் நெடுநாளாய் இருந்த கொதிப்பு அடங்கிற்று.

"மைக்க ஆன் பண்ணு," என்றாள் தங்கை. "மணி ஆகுது."

அவள் மைக்கின் முன் நின்றாள். கூடத்தில் அம்மா தையல் எந்திரத்தின் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, கைகளைக் காகிதங்களின்மேல் பரப்பி வைத்துக்கொண்டாள். மறுநாள் விடியலில் நாடகக் குழுவின் வண்டியில் சன்னலோர இருக்கையொன்றைத் தங்கைக்கு வாங்கித்தரப்போகும் அந்தப் பாட்டு இன்னும் அவள் தொண்டைக்குள்ளேயே ஒடுங்கியிருக்க, அதற்கு வழிவிட்டு மெத்தைகள் நான்கும் மூச்சடக்கி நிற்க, செவிக்கவசம் தோளில் தொங்க, சட்டை முதுகோடு ஒட்ட, எத்தனையோ குமிழ் திருகிச் சிவந்த வலக்கையை முன்னே நீட்டி, பகைவன் கோட்டையுள் தனியனாய் நுழையும் வேந்தனைப்போல் அவ்வறையின் ஒன்றரை அடித் தூரத்தையும் நிமிர்ந்து நடந்து கடந்தான் அண்ணன்.

ஃபேனை அணைத்தான்.