ரெண்டே நிமிஷம்தான்

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆடுவதற்காகக் கம்ப்யூட்டரைத் தயார் செய்துகொண்டே இருக்கும் இனம் வேறு. அவர்கள் ஆடியதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. நம் பல் டாக்டர் அந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர்.

கேம் திறந்ததும் வீரனை ஒரு சுவர் முன்னால் நிறுத்திவிட்டு, நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரை மூலையில் தெரியும் எஃப்.பி.எஸ். எண்ணையே பார்ப்பார். எழுபது என்றால் முகம் மலரும். அறுபத்தெட்டு ஆனால் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எதிரி வந்து வீரனை வெட்டிப் போட்டால்? போடட்டுமே, வெட்டும்போது எண் இறங்கவில்லை அல்லவா!

அப்புறம் மோட். கேமை உருவாக்கியவர்களுக்குத் தோன்றாததையெல்லாம் முன்பின் தெரியாத யாரோ செய்து இணையத்தில் போடும் ஒட்டுவேலை. டாக்டர் நூற்றுப் பன்னிரண்டு வைத்திருக்கிறார். குதிரை வாலுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, அந்தச் சேறு அந்த வாலில் ஒட்டுவதற்குத் தனியாக ஒன்று. ஆபரேட்டிங் சிஸ்டத்தை இந்த வருடத்தில் மட்டும் நான்கு முறை மாற்றியாயிற்று. ஊரார் வைத்திருக்கும் சிஸ்டத்தைப் பற்றிக் கேட்டால், சொத்தைப் பல்லைப் பார்க்கும் பார்வை ஒன்று பார்ப்பார்.

அவருக்கு ஒரு தங்கை. நர்ஸ். சின்ன வயதில் இருவரும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்து ஆடிய கேமின் இரண்டாம் பாகம் வந்திருந்தது. அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, மூன்று மணி பஸ்ஸில் கிளம்ப வேண்டும். இனி எப்போது லீவு கிடைக்குமோ தெரியாது. காலை ஒன்பதுக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, இதுல வர்ற முதல் பாலத்தையாவது சேர்ந்து தாண்டிடலாம்."

"ரெண்டே நிமிஷம்தான், இந்தப் புல்லை மட்டும் சரி பண்ணிடறேன்."

புல் சரியானதும் நிழல் கெட்டது. நிழலைத் திருத்தினால் குதிரைக்குத் தலை காணாமல் போயிற்று. ஒருவழியாக இரண்டே முக்காலுக்கு எல்லாம் கூடி வந்தது. எண் தொண்ணூறைத் தொட்டது, அவள் கையில் கண்ட்ரோலர், எதிரே பாலம். அப்போதுதான் திரையில் படம் ஓட்டும் 'டிரைவர்' மென்பொருளுக்குப் புது அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தது. வேறு யாராக இருந்தாலும் அதை மூடியிருப்பார்கள். டாக்டரின் விரல் தானாகப் போய் அதை அழுத்திற்று.

திரை கறுத்தது. தங்கை கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. விடுதியில் கூட இருக்கும் பெண்ணின் பழைய லேப்டாப்பில், புல், நிழல் எல்லாவற்றின் தரத்தையும் குறைத்து வைத்து, அந்தப் பாலத்தைத் தாண்டிவிட்டாளாம். குதிரை மரப்பெட்டி மாதிரி இருந்ததாம்.

"நீ பக்கத்துல இல்லாததுதான் என்னமோ மாதிரி இருந்துச்சுண்ணா."

டாக்டருக்குச் சொல்ல வேண்டியது ஏராளம் இருந்தது. செருமிக்கொண்டு கேட்டார்:

"அதுல எத்தனை எஃப்.பி.எஸ். வந்துச்சு?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்கார்ந்ததும் எழுத்தைப் பெரிதாக்கி, பிறகு சிறிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, நாற்காலியையும் இரண்டு தரம் நகர்த்திப் போட்டது யார்? கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்தில் உங்களுக்காக யாராவது உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.