பனியன் போட்ட சூரியகாந்தி

திருநெல்வேலிச் சீமையில் கஞ்சர்களுக்குப் போட்டி வைத்தால், மற்ற ஊர்க்காரர்களெல்லாம் இரண்டாம் பரிசுக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். முதல் பரிசு எங்கள் தெருவுக்கு. அம்மனுக்கே ஒரு பூ தரமாட்டேன் என்று சொன்ன மகான் ஒருவர் அங்கே இருந்தார். பெயர் என்று ஒன்று இருந்தது; யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொடாக்கண்டர் வீடு என்றால் சீவலப்பேரி டவுன் பஸ் கண்டக்டரே சரியாக இறக்கிவிடுவார்.

இத்தனைக்கும் மனிதர் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் முழுக்கச் சூரியகாந்தி. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம். எங்கள் தெருவில் ஒரு வீட்டு முருங்கை காய்த்தால் நாலு வீட்டில் சாம்பார் மணக்கும். கேட்காமலே கொடுப்பதுதான் வழக்கம். இவரோ விளைந்ததையெல்லாம் வேரோடு பிடுங்கி, காயவைத்து, சாக்கில் அடைத்து, வீட்டுக்குள் அடுக்கிப் பூட்டினார். விற்கவும் இல்லை, தின்னவும் இல்லை. பைத்தியம் என்று முடிவு கட்ட எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

காரணம் இருந்தது. அந்த நிலத்தை முன்பு பழைய பேட்டரி உடைக்கிற ஒருவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவன் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மண்ணிலேயே விட்டான். அங்கே மேய்ந்த இவருடைய பசு கண் தெரியாமல் போய், சுவரில் முட்டி முட்டிச் செத்தது. மாட்டு டாக்டர் ஈயம் என்றார். பட்டறைக்காரன் அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டான். பிறகு வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் வந்து மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். சூரியகாந்தியும் கடுகும் மாற்றி மாற்றிப் போட்டால் ஈயத்தை வேர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும், ஆனால் விளைந்ததை எந்த உயிரும் தின்னக்கூடாது என்று சொன்னார்கள்.

"எத்தனை வருசம் ஆவும்?" என்று கேட்டார் கொடாக்கண்டர்.

"நெறைய ஆகும் ஐயா. பொறுமை வேணும்."

"பொறுமைக்கு என்ன கொறச்சல்? ஆயுசுல்லா வேணும்!"

அப்போதே அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. இருந்தாலும் என்னிடம் சத்தியம் செய்தார்: "மண்ணு சுத்தமாவட்டும்வே. மொத வேலையா தண்டங்கீரை போடுவேன். ஒரு வீடு விடாம நானே கொண்டாந்து தாரேன். அதுவரைக்கும் ஒரு இலை தரமாட்டேன்."

"அப்ப நாங்க கீரை தின்னாப்பலதான்" என்றேன்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்க வந்தவர்கள், "பந்தல் வாசலுக்கு நாலு பூ பறிச்சுக்கிடுதோம் அண்ணாச்சி" என்றார்கள்.

"ரூவா கேளுலே, தாரேன். பூ கெடையாது."

"அம்மனுக்குத்தான கேக்கோம்!"

"அம்மனுக்கு ஒண்ணும் ஆவாதுலே. மறுநா அதை உங்க வீட்டு ஆடுதான திங்கும்!"

முதல் பாதி மட்டும்தான் ஊருக்குள் பரவியது. அம்மனுக்கே இல்லை என்றுவிட்டானாம் பாவி!

ஆடு என்றால் பேச்சியக்காவின் ஆடுகள். எங்கள் தெருவில் வேலி எதற்குப் போடுகிறார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. கொடாக்கண்டர் கையில் தகர டப்பாவோடு விரட்டுவார். ஒருநாள் அக்கா பொங்கிவிட்டாள்.

"ரெண்டு வாய் தின்னா ஒம்ம சொத்து அழிஞ்சிருமோ?"

"எஞ்சொத்து அழியாதுளா. ஒஞ்சொத்துதான் அழியும்!"

இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு அவள் போலீசுக்குப் போனாள். வந்த ஏட்டு, ஈயக் கதை முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். கடைசியில், "ஏன் பெரியவரே இந்தப் பாடு? பேசாம பிளாட் போட்டு வித்துரும்" என்று புத்தி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆட்டையாவது விரட்டலாம், கிளிக்கு என்ன செய்வது? விதை முற்றியதும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. கொடாக்கண்டர் தன் பனியன்களைப் பூக்களின் தலையில் மாட்டிக் கழுத்தில் சணலால் கட்டினார். காற்றடித்தால் அரை ஏக்கரும் பனியனோடு ஆடும். பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ மறியல் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். அவருடைய பனியன்கள் தீர்ந்த பிறகு தெருவில் கொடிகளில் காயப்போட்டவை காணாமல் போக ஆரம்பித்தன. நான் நேரே வயலுக்குப் போனேன். அக்குளில் ஓட்டையோடு என் பனியன் ஒரு பூவின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அண்ணாச்சி, அது எனக்குள்ளது!"

"இருக்கட்டும்வே. உம்மள விட அதுக்குத்தான் எடுப்பா இருக்கு."

சாக்குகள்தான் பெரிய தலைவலி. லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். விவசாய ஆபீஸில், ஈயம் இருப்பதால் இது ஆலைக் கழிவு என்றார்கள். கழிவுக்கான ஆபீஸில், வயலில் விளைந்ததால் இது விவசாயம் என்றார்கள். மூன்றாவது இடத்தில், "பூவெல்லாம் இங்க எடுக்குறதில்ல" என்று கதவைச் சாத்தினார்கள். போன சாக்கெல்லாம் ஆட்டோ வாடகையோடு திரும்பி வந்தன. கூடம், தாழ்வாரம் எல்லாம் நிரம்பி, அவர் அடுப்படியில் பாய் விரித்துப் படுக்கும்படி ஆயிற்று.

"சவத்துச் சாக்கைக் கொளுத்திட்டு நிம்மதியா இரும் அண்ணாச்சி" என்றேன்.

"கூறு இருக்காவே உமக்கு? கொளுத்துனா ஈயம் எங்கன போவும்? புகையோட பறந்து உம்ம சோத்துல விழும். மிச்சம் சாம்பலோட மறுபடி மண்ணுக்குள்ள போயிரும். நான் இத்தனை வருசம் இழுத்ததெல்லாம் ஒரு தீக்குச்சியில திரும்பப் போயிரும்வே!"

ஒருநாள் காலையில் மிக்சர் பொட்டலங்களோடு வீடு வீடாக வந்தார். அவர் கையிலிருந்து எங்களுக்கு வந்த முதல் பண்டம் அதுதான்.

"கொறைஞ்சிருக்குவே! டெஸ்ட்ல கொறைஞ்சிருக்கு!"

"சுகரா அண்ணாச்சி?"

"மண்ணுவே, மண்ணு! இன்னும் கொஞ்ச வருசம் இழுத்துட்டம்னா கீரைதான்!"

அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். சென்னையிலிருந்து மகன் வந்தான். காரியம் முடிந்த மறுநாள் வீட்டைத் திறந்து, சாக்குகளையெல்லாம் வயல் நடுவில் குவித்தான். நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

"தம்பி, கொளுத்திராதப்பா! அதுல ஈயம் இருக்கு. உங்கப்பா மண்ணுல இருந்து எடுத்து வச்சது!"

"விடுங்க அங்கிள். வயசான காலத்துல குப்பையச் சேத்து வச்சிட்டுப் போயிருக்காரு."

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒரு கிழவன் மண்ணோடு மல்லுக்கட்டி வெளியே இழுத்ததையெல்லாம் ஒரு பொழுதில் அதே மண்ணுக்கு ஊட்டிவிட்டுப் போனான் பெற்ற பிள்ளை. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பேச்சியக்கா மட்டும் ஆடுகளைப் புகைக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்க் கட்டினாள்.

இப்போது அங்கே ஒரு போர்டு நிற்கிறது: 'சூரியகாந்தி நகர். வளமான மண், தூய காற்று.' ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். பின்னால் கீரைப் பாத்தி போடலாம் என்று புரோக்கர் சொல்கிறார். நான் ஒவ்வொருவரிடமும் போய் ஈயம் என்கிறேன். தெருவுக்கு ஒரு பைத்தியம் உண்டு என்று புரோக்கர் சிரிக்கிறார்.

போன மழைக்குப் பிறகு, சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில், தீக்குத் தப்பிய விதையிலிருந்து ஒற்றைச் சூரியகாந்தி முளைத்து நின்றது. கிளி வருவதற்குள் வீட்டுக்குப் போய் என் பனியன் ஒன்றை எடுத்துவந்து தலையில் மாட்டிச் சணலால் கட்டினேன். நல்ல பனியன்தான், ஓட்டை கிடையாது.

பிளாட் பார்க்க வந்த ஒரு பெண் ஆசையாகக் கேட்டாள்: "அந்தப் பூவை நான் பறிச்சுக்கிடட்டுமா அண்ணாச்சி?"

"தரமாட்டேன்மா" என்றேன். இதைச் சொல்வது இத்தனை கஷ்டம் என்று, பாவி மனுஷர், என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.