துடைப்ப வேனுக்கு முன்னால் இருவர்

"முடியாதுன்னா முடியாது. பதினோரு வருஷமா ரோட்டோரம் சாப்பாட்டுப் பையை நீட்டிக்கிட்டு நின்னாச்சு. இந்த வருஷம் நீயே பாத்துக்க."

"பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கறப்பதான் இதைச் சொல்வியா ரோசான்?"

"முன்னாடியே சொன்னா முன்னாடியே கத்துவே."

தபால்காரர் ஒடீல் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆகையால் வீந்தகெம் ஊரில் யாரும் ஒட்டுக்கேட்டதாகச் சொல்ல முடியாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஒடீலுக்கு வயது நாற்பத்தொன்பது. அடுத்த வருஷத் திருவிழா சைக்கிள் பந்தயத்தில் அவரை ஐம்பது தாண்டியவர்களோடு சேர்த்துவிடுவார்கள். கசாப்புக்கடை வாலேர் இரண்டு வயது சின்னவர். ஆக, வாலேரை முந்த இதுதான் கடைசி வாய்ப்பு. முதல் பரிசில் எல்லாம் ஒடீலுக்கு ஆசை இல்லை. வாலேருக்கு முன்னால் வரவேண்டும், ஒரே ஒரு தடவை. அதுவரை அந்த ஆள் தன் வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று அவர் பீர்க்கடை மேசையைக் குத்திச் சபதம் போட்டதும், அதில் உடைந்த கிளாஸ்களும் ஊருக்கே தெரியும்.

"போன வருஷம் நூலிழையில தப்பிச்சிட்டான்," என்றார் ஒடீல்.

போன வருஷம் வாலேர் வழிதவறிப் பக்கத்து ஊர் மாதா கோவிலைச் சுற்றிவிட்டு வந்தும் இவரைவிட ஒரு நிமிடம் முன்னால் வந்தார். அதற்கு முந்தின வருஷம் வாலேருக்கு இரண்டு பஞ்சர். அதுவும் நூலிழைதான்.

ரோசானின் குரல் இறங்கியது. "இந்தத் தடவையாவது ஜெயிச்சிடு அண்ணே. இந்த வீட்ல எல்லாருக்கும் நிம்மதி."

"பையை யாரு நீட்டுவா?"

"அது உன் பாடு."

பை இல்லாவிட்டால் என்ன? சட்டையின் முதுகுப் பாக்கெட்டுகளில் ஆறு சாசேஜ்களைச் செருகிக்கொண்டார். வாலேர் கடைச் சரக்கு அல்ல. கொள்கைக்காக வேறு ஊரில் வாங்கி வைத்தது. இருபத்தேழு வருஷம் தபால் கொடுத்த மனிதர் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். அந்த வட்டாரத்து நாய்கள் அத்தனைக்கும் அவரைத் தெரியும்.

மூன்றாவது கிலோமீட்டரிலேயே பால்பண்ணைக் கறுப்பு நாய் துரத்த ஆரம்பித்தது. ஒடீல் சாமர்த்தியமாக ஒரு சாசேஜை வீசினார். தின்றுவிட்டு, நாய்க்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. முன்சக்கரத்தை உரசிக்கொண்டே ஓடிவந்தது. விஷயம் பரவி இன்னும் மூன்று நாய்கள் சேர்ந்தன. வேறு வழியில்லாமல் மிச்சம் ஐந்தையும் பள்ளத்தில் எறிந்தார். நாய்கள் போயின. சாப்பாடும் போயிற்று. பந்தயக் கூட்டம் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

பின்னால், கூரையில் துடைப்பம் கட்டிய வேன் ஊர்ந்து வந்தது. முடியாதவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகும் வேன். ஓட்டுபவர் மாரிட்ஸ், அதிகம் பேசாத மனிதர்.

"ஏறிக்கிறீங்களா ஒடீல்? சீட்டெல்லாம் காலிதான்."

"எனக்கு முன்னாடி ஒருத்தன் போறானே, அவனுக்கு வச்சிரு."

காற்றாலைத் திருப்பத்துக்குள் பசியில் கண் இருட்டிவிட்டது. அங்கே ரோசான் நிற்பது தெரிந்தது. மனசு இளகிவிட்டாள் என்று ஒடீல் கையை நீட்டினார். பை அவள் கையில் இல்லை. குட்டைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த வாலேரின் மடியில் இருந்தது. உலர்ந்த பிளம்ஸ் போட்ட முயல் கறி. மனிதர் முள்கரண்டியோடு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோசான் உப்பு நீட்டினாள்.

"துரோகி," என்றார் ஒடீல்.

"கத்தாதே, மூச்சு வாங்கும். போய்க்கிட்டே இரு அண்ணே."

"ரெண்டு துண்டு எடுத்துக்குங்க ஒடீல்," என்றார் வாலேர்.

"உன் சாப்பாடு எவனுக்கு வேணும்?"

அந்தக் கோபம் காலுக்கு இறங்கியது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வாலேர் அவருக்குப் பின்னால். அந்தச் சந்தோஷத்தில் பெரிய கியருக்கு மாற்றினார், செயின் கழன்றது. மாட்டினார், கையெல்லாம் கிரீஸ். கிரீஸ் கையில் பிரேக் வழுக்கி, நேரே பீட்ரூட் வயலுக்குள் போய் விழுந்தார்.

எழுந்து பார்த்தால் வாலேர் சாலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஏதோ சத்தம் வருது," என்றார்.

"பாத்தியா மாரிட்ஸ்?" ஒடீல் வேன் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார். "என் வேகத்துக்கு அவன் வண்டி தாங்கல."

மாரிட்ஸ் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஊருக்குள் வந்தபோது பாண்டு வாத்தியக்காரர்கள் குழல்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பரிசு கொடுத்து முடித்தாயிற்று. கடைசி நூறு மீட்டர் கருங்கல் பாவிய தெரு. இரண்டு பேரும் பக்கம் பக்கமாக, நடந்துபோகும் பெண்களைவிடக் கொஞ்சம் வேகமாக வந்தார்கள். முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் வாலேர் "ஐயோ, கால்" என்று கெண்டைச்சதையைப் பிடித்துக்கொண்டார். ஒடீல் அரைச் சக்கரம் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினார். அறுபத்திரண்டு பேரில் அறுபத்தொன்றாவது இடம்.

அன்றைக்குப் பீர்க்கடையில் அவருடைய பெருந்தன்மையைப் பார்க்கவேண்டும். "தோத்தவனை வாசல்ல நிறுத்தறது எங்க குடும்பத்துல வழக்கமில்ல. நாளைக்கே சாப்பிட வரட்டும்."

மறுநாள் வாலேர் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். எதிர்வீட்டுக்காரிகள் எண்ணுவதை நிறுத்திய சமயத்தில், நவம்பரில், ரோசானுக்கும் வாலேருக்கும் நகரசபையில் கல்யாணம் நடந்தது. ரோசான் கசாப்புக்கடை மாடிக்குக் குடிபோனாள். ஒடீல் இப்போது தானே உருளைக்கிழங்கு வேகவைத்துக் கருக்குகிறார்.

கல்யாண விருந்தில் அண்ணன் எழுந்து முக்கால் மணி நேரம் பேசினார். காற்றாலைத் திருப்பம், செயின், கடைசிப் பத்தடி, ஒன்றையும் விடவில்லை. "அன்னிக்கு என்கிட்ட தோத்த பிறகுதான் மாப்பிள்ளைக்குப் பணிவே வந்தது," என்று முடித்துவிட்டு, ஓரத்து மேசையில் இருந்த மாரிட்ஸைப் பார்த்தார். "கண்ணால பாத்த சாட்சி, நீயே சொல்லு."

மாரிட்ஸ் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"நாலு வருஷமா உங்ககிட்ட தோக்கறதுக்கு அந்த மனுஷன் படாத பாடு பட்டார் ஒடீல்; இந்த வருஷந்தான் நீங்க கொஞ்சம் ஒத்துழைச்சீங்க."