வானலைக் கம்பியில் காய்ந்த புழுக்கொடியல்

கலியாணப் பேச்சு நடக்கும்போது ஆண்பிள்ளை தன் பொழுதுபோக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

அறுபதுகளில் நாரந்தனையில் நான் வாத்தியார். மிச்ச நேரமெல்லாம் ஒரு பழைய வால்வு ஒலிபரப்பியோடுதான் (அக்காவின் கணக்கில் அது விசர், பைத்தியம்). குறிகட்டுவான் துறையில் ஓர் இறுப்பிட்டி ஊர்ப் பெண்ணைக் கண்டதிலிருந்து எனக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை. அவளுடைய தகப்பனார் கண்டியில் கடை வைத்திருந்தார். "வீட்டிலிருந்தே கண்டியிலுள்ள சிநேகிதனோடு கதைப்பேன்" என்று தரகரிடம் நான் அளந்துவிட்டது தகப்பனாரின் காதுக்குப் போயிற்று.

"கதைச்சுக் காட்டட்டும், பிறகு பாப்பம்" என்று ஒரு காலையில் மனிதர் தரகரோடு நேரே வந்து கதிரையில் அமர்ந்துவிட்டார்.

வானலைக் கம்பி யன்னலால் வெளியேறி, அக்கா சமைக்கும் குசினிக்குப் பின்னால் தாழ்வாகப் போய், பனையில் ஏறும். கம்பிக்கு மின்வலு போகிறதா என்று பார்க்க யன்னலடியில் ஒரு டோர்ச் பல்பைப் பூட்டியிருந்தேன். முதல்நாள் பளிச்சென்று எரிந்த அந்தப் பல்பு அன்று கண்ணைத் திறக்கவேயில்லை. கண்டிச் சிநேகிதன் கத்தினான்:

"ஆரது? ஒண்டும் விளங்கேல்லை!"

லொறி பற்றரியை மாற்றினேன். இருந்த ஒரே மேலதிக வால்வைப் போட்டேன். குமிழ்களை எல்லாம் திருகினேன். பல்பு மினுங்கவில்லை. அவளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன், அழுகை வந்தது.

"இந்தமுறை வருமையா" என்றேன்.

"நீர் கதையும். நான் காத்து வாங்கிக்கொண்டு வாறன்" என்று அவர் எழுந்து வெளியே போனார்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "கண்டி, கண்டி, கேக்குதா?" என்றதும் குசினிப் பின்பக்கமிருந்து பதில் வந்தது.

"ஐயோ அம்மா!"

ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கம்பி நெடுக, பிளந்து கவிழ்த்த ஈரப் புழுக்கொடியல், அவித்த பனங்கிழங்கு. ஒன்றை உருவப் போனவரின் விரலைக் கம்பி சுட்டுவிட்டது.

"கொடி சும்மா கிடந்தது எண்டு போட்டனான்" என்றார் அக்கா.

என் வலுவையெல்லாம் கிழங்கு குடித்திருந்தது! எல்லாவற்றையும் உருவி, கம்பியைத் துடைத்து, குமிழ்களைச் சரிசெய்தேன். பல்பு பளிச்சிட்டது.

"இப்ப வடிவாக் கேக்குது!" என்றது கண்டி.

அவர் விரலை ஊதிக்கொண்டே கேட்டார்:

"தம்பி, குறைஞ்ச வலுவே இப்பிடியெண்டால், கூடினது எப்பிடி இருக்கும்?"

உடனே அவர் தரகரிடம் திரும்பி, "கலியாண நாளைப் பாரும்" என்றார்.

மணவறையில் தாரைவார்க்கும்போது, என் கையை ஒரு விரலால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தார் மாமா. சபை சிரித்தது, தலைகுனிந்திருந்த மணப்பெண்ணும் சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளையின் கையையும் இன்றுவரை அப்படித் தட்டிப் பார்க்காமல் பிடிப்பதில்லை. என் மருமகனின் கையைத் தட்டியவன் நானேதான்.